நாலாம் நம்பரின் நாடி

அத்தியாயம் 17

புனித நிக்கோலா நாளன்று வால்யெவோ ஊரில் பாதிப் பேர் விருந்து வைப்பார்கள். மீதிப் பாதிப் பேர் அதைச் சாப்பிடப் போவார்கள். செர்பியாவில் தவழுகிற பிள்ளைக்குக்கூட இது தெரியும். ஆஸ்திரியாவின் கிராஸ் நகரத்தில் இருக்கும் தலைமையகத்தின் கணினிக்குத் தெரியாது. அதனால்தான் அட்டைப்பெட்டி ஆலையின் ஃபிட்டர்கள் அனைவருக்கும் 'டிஜிட்டல் பராமரிப்புத் திறன், இரண்டாம் நிலை' என்ற தேர்வை அது அதே நாளில் வைத்தது. சங்கத்துக்காரர்கள் தொண்டை கிழியக் கத்தி அதை மறுநாளுக்குத் தள்ளிவைத்த கதையைப் போன வாரம் பார்த்தோம்.

தலைமை ஃபிட்டர் மிலுதினுக்கு இது மூன்றாவது முயற்சி. தவறினால் பண்டகசாலையில் பெட்டி ஏற்றப் போக வேண்டியதுதான். முதல் முறை, 'பேரிங் சூடானால் முதலில் என்ன செய்வீர்கள்?' என்ற கேள்விக்கு 'கை வைத்துப் பார்ப்பேன்' என்று எழுதினார். சரியான விடை, 'டேப்லெட்டில் பணிச்சீட்டு திறப்பேன்.' இரண்டாம் முறை மறக்காமல் 'பணிச்சீட்டு திறப்பேன்' என்று எழுதினார். அந்த முறை கேள்வி வேறு.

அவருக்குப் பாடம் சொல்லிக்கொடுப்பவள் மகள் நெவெனா. இயந்திரமும் மின்னணுவும் சேர்த்துப் படித்தவள். அதே ஆலையில் ஒப்பந்த வேலை. ஒப்பந்தம் புத்தாண்டோடு முடிகிறது. நாலாம் நம்பர் இயந்திரத்தில் ஒட்டியிருக்கும் அதிர்வு சென்சார் அனுப்புகிற கோடுகளை வசந்தத்திலிருந்து படித்து, இயந்திரம் எப்போது பழுதாகும் என்று முன்கூட்டியே சொல்லும் முறை ஒன்றை உருவாக்கியிருக்கிறாள். அதைப் பார்க்கத்தான் கிராஸிலிருந்து லிண்ட்னர் என்ற பெரிய மனிதர் வருகிறார். பிடித்துப்போனால் அவளுக்கு நிரந்தர வேலை. அவளுடைய முறை குழுமத்தின் எல்லா ஆலைகளுக்கும் போகும்.

இதெல்லாம் நமக்குத் தெரியும். மிலுதின் ஏன் ஒரு வாரமாகத் தூங்கவில்லை என்பதுதான் தெரியாது. மனைவி சவேத்தா கேட்டாள், நெவெனா கேட்டாள். அவர் வாயைத் திறக்கவில்லை.

அந்த சென்சார் நாலாம் நம்பரில் இல்லை.

ஃபிட்டர் அறையில் இருக்கும் பழைய ஃப்ரிட்ஜின் முதுகில் இருக்கிறது.

*

தீப்பெட்டி அளவுக்கு ஒரு டப்பா, அடியில் காந்தம். வசந்தத்தில் வந்தவுடன் நாலாம் நம்பரின் மேல் உருளை பேரிங் மீது அதை ஒட்டினார்கள். ஒட்டிய நாளிலிருந்து ஓயாமல் அலறியது. அது அலறினால் மிலுதினின் கைபேசி அலறும். குளிக்கும்போது அலறும், சர்ச்சில் அலறும். ஒவ்வோர் அலறலுக்கும் இயந்திரத்தைத் தொடுமுன் டேப்லெட்டில் ஏழு பக்கம், தொட்ட பின் எட்டுப் பக்கம்.

மிலுதின் ஸ்க்ரூ டிரைவரின் முனையைப் பேரிங் மீது வைத்து, பிடியைக் காதில் வைத்துக் கேட்டார். வாழ்நாள் முழுக்க அப்படித்தான் கேட்டிருக்கிறார். பேரிங், பால் குடித்த பிள்ளை மாதிரி தூங்கிக்கொண்டிருந்தது. ஆக, பைத்தியம் சென்சாருக்குத்தான்.

பிடுங்கிச் சுவர்க் குழாயில் ஒட்டினார். இயந்திரம் இறந்துவிட்டது என்றது சிஸ்டம். காற்றழுத்த மோட்டாரில் ஒட்டினார். வெடிக்கப்போகிறது என்றது. கடைசியில் ஃப்ரிட்ஜின் முதுகு. இதமான நடுக்கம், இதமான சூடு. திரையில் பச்சை விளக்கு எரிந்தது. அன்றிரவு அவர் வீட்டில் எல்லோரும் தூங்கினார்கள்.

ஒரு வாரத்தில் திரும்ப ஒட்டிவிடுவதாகத்தான் நினைத்தார். அதற்குள் அந்தப் பச்சைக் கோட்டைப் படிக்கும் வேலையை நெவெனாவுக்குக் கொடுத்துவிட்டார்கள். அன்றே சொல்லியிருக்கலாம். சொல்வதற்கு நல்ல நேரம் பார்த்துக்கொண்டிருந்தபோது மகள் ஒரு கண்டுபிடிப்போடு வந்து நின்றாள். தினமும் காலை பத்து மணிக்கும் பகல் இரண்டு மணிக்கும் அந்தப் பேரிங் கொஞ்சம் அதிகமாக நடுங்கி, பிறகு தணிகிறது.

பத்து மணியும் இரண்டு மணியும் ஃபிட்டர்கள் காப்பிக்குப் பால் எடுக்கும் நேரம் என்பது மிலுதினுக்கு உடனே புரிந்தது. வாயில் கொழுக்கட்டை.

போராவுக்கு வேறு மாதிரி புரிந்தது. போரிவோயே என்ற போரா, சவேத்தாவின் தம்பி; மிலுதினுக்கு மச்சான், நெவெனாவுக்குத் தாய்மாமன். முன்பு இன்சூரன்ஸ் விற்றவர். இப்போது ஆலையின் டிஜிட்டல் மாற்றத்துக்கு முதன்மை வழிகாட்டி. அவர் அறைக் கதவில் இருக்கும் பலகை அறையைவிட நீளம். "இது இயந்திரத்தோட உயிர்க் கடிகாரம்" என்று அறிவித்து, அன்று மாலையே நாற்பது படங்களோடு கிராஸுக்கு அனுப்பிவிட்டார்.

அதன் பிறகு சொல்வதற்கு நல்ல நேரம் வரவே இல்லை.

*

ஒவ்வொரு குடும்பத்துக்கும் ஒரு குலப்புனிதர் உண்டு; மிலுதின் வீட்டுக்கு நிக்கோலா. அவர் நாளில் வீட்டுக்காரன் உட்காரக் கூடாது. வருகிறவர்களுக்குப் பரிமாறிக்கொண்டு நிற்க வேண்டும். யாரையும் அழைப்பதில்லை, தெரிந்தவர்கள் வருவார்கள், தெரியாதவர்களும் வருவார்கள். மிலுதின் காலையிலிருந்து நின்றுகொண்டிருந்தார். மேசையில் இறைச்சி இல்லாத நோன்புச் சாப்பாடு: பொரித்த கெண்டை மீன், அடுப்பில் வாட்டிய பீன்ஸ், எண்ணெய் மினுங்கும் முட்டைக்கோஸ் சுருள். நடுவில் நூலால் பின்னியது போன்ற ரொட்டி. அதன் பக்கத்தில் பெரிய மெழுகுவத்தி.

"ஏய்யா, வாசல்ல மணி அடிக்குது" என்றாள் சவேத்தா.

"எங்க அடிக்குது?"

"மூணு வாட்டி அடிச்சாச்சு. நிக்கோலாவே நேர்ல வந்தாலும் உன் வீட்டு வாசல்ல நின்னுட்டுத் திரும்பிப் போக வேண்டியதுதான்."

பக்கத்து வீட்டு வோயின் மூன்றாவது கோப்பை ராக்கியா சாராயத்தோடு சிரித்தார். "அவனுக்கு மனுசன் சத்தம் கேக்காது தங்கச்சி. பேரிங் சத்தம் மட்டும்தான் கேக்கும்."

"டிவி சத்தம் கேக்கறதுக்கே தெரு முழுக்க நியூஸ் கேக்கற மாதிரி வெக்கிறாரு. பேரிங் என்ன இவர் காதுல வந்து கத்துதா?"

மிலுதின் ரொட்டியை நகர்த்தி வைத்தார். சட்டைப் பையில் கைபேசி நடுங்கியது. அது மட்டும் தெரிந்தது.

"அத்தான், நிக்கோலா உங்க குடும்பத்தைக் காப்பாத்தட்டும். உடனே கிளம்பி வாங்க" என்றார் போரா போனில், ஒரே மூச்சில்.

"எங்க?"

"ஆலைக்கு. சிஸ்டம் சொல்லிடுச்சு அத்தான். முதல் கணிப்பு. நாலாம் நம்பர் மேல் உருளை பேரிங் ரெண்டு நாள்கூடத் தாங்காதாம். திரை பூரா சிவப்பு. லிண்ட்னர் சாரும் நெவெனாவும் பார்த்துக்கிட்டே இருக்கும்போது நடந்தது. சாரைப் பார்க்கணுமே. அவருக்குக் கண்ணே கலங்கிடுச்சு."

"எனக்கு இன்னைக்கு லீவு. சட்டப்படி லீவு. வீட்டுக்காரன் உக்காரவே கூடாதுங்கிற நாள்ல நீ என்னை உருளைக்கு அடியில படுக்கச் சொல்றே."

"அந்தப் பேரிங்கை மாத்தத் தெரிஞ்சவர் நீங்க ஒருத்தர்தான். ரெண்டு பேர் இருந்தாங்க. ஒருத்தன் ஸ்லோவேனியா போயிட்டான். இன்னொருத்தன் போனவனைப் பார்க்கப் போயி அங்கயே நின்னுட்டான்."

"அப்ப உன் சிஸ்டத்தை வந்து மாத்தச் சொல்லு மச்சான்."

சொல்லிவிட்டு மிலுதின் போனை வைத்தார். எட்டு மாதம் பச்சையாக எரிந்தது இன்று ஏன் சிவப்பானது? சமையலறைக்குப் போய்க் கதவைச் சாத்திக்கொண்டு, ஷிஃப்டில் இருந்த கோச்சாவைக் கூப்பிட்டார். கோச்சாவுக்குக் குலப்புனிதர் வேறு. அதனால் இன்று வேலை அவனுக்கு.

"கோச்சா, நம்ம ஃப்ரிட்ஜ்ல என்ன இருக்கு?"

"என்ன இல்லேன்னு கேளுங்கண்ணே. இன்னைக்கு விருந்து வெக்கிற அஞ்சு பேரும் ஷிஃப்ட்ல இருக்கிறவங்களுக்குன்னு நேத்தே கொண்டாந்து திணிச்சுட்டாங்க. மீனு, பீன்ஸ், கேக்கு, ராக்கியா. உங்க வீட்டம்மா அனுப்பின அண்டாவே ஒரு தட்டு முழுக்க. கதவு மூடல, கயிறு போட்டுக் கட்டியிருக்கோம். மோட்டார் காலையிலேருந்து நிக்காம உறுமுது. பாட்டிலெல்லாம் கடகடங்குது, மாட்டு வண்டி மாதிரி."

மிலுதின் கண்ணை மூடிக்கொண்டார். "எல்லாத்தையும் வெளில எடு."

"எடுத்து எங்க வெக்கிறது? சன்னல்ல வெச்சா பூனை."

"எடுடா."

"சரிண்ணே. ஆனா ஒண்ணு, அந்த வெளிநாட்டுக்காரரு நாலாம் நம்பரை நிறுத்தச் சொல்லிட்டாரு. உருளை ஆறிட்டிருக்கு. எதுக்குண்ணே ஃப்ரிட்ஜைப் பத்திக் கேக்கறீங்க?"

மிலுதின் போனை வைத்துவிட்டார். சங்கம், சட்டம், சாமி எல்லாம் சேர்ந்து கொடுத்த லீவில், தன் வீட்டு அண்டாவே தன்னைக் காட்டிக்கொடுத்துவிட்டது.

மத்தளத்துக்காவது இரண்டு பக்கம்தான் இடி. போய்த் திறந்தால் பேரிங் நன்றாக இருக்கும். லிண்ட்னர் முன்னால் நெவெனாவின் கணிப்பு பொய்யாகும். போகாவிட்டால் வேறு யாராவது திறந்து எதையாவது உடைப்பார்கள். சென்சார் அங்கே இல்லை என்பதையும் பார்ப்பார்கள். அவளைத் தனியாகப் பிடித்து முதலில் சொல்லிவிட வேண்டும். அதற்காகவாவது போக வேண்டும்.

கோட்டை மாட்டிக்கொண்டு வந்தவரைப் பார்த்துச் சவேத்தா கையிலிருந்த தட்டைக் கீழே வைத்தாள்.

"மெழுகுவத்தி எரியுது. வீட்டுக்காரன் வாசப்படி தாண்டப் போறியா?"

"உன் தம்பி கூப்பிடறான்."

"அவன் பேச்சைக் கேக்கற அளவுக்கு உனக்கு எப்ப காது வந்துச்சு?"

வோயின் எழுந்து நின்றார். வீட்டுக்காரன் நிற்காத வீட்டில் யாராவது நிற்க வேண்டுமே.

*

நாலாம் நம்பர் நின்றால் ஆலையே செத்த வீடு போல இருக்கும். அந்த அமைதியில் போராவின் குரல் மட்டும் கேட்டது.

"இதோ வந்துட்டார். குடும்ப விருந்தை விட்டுட்டு வந்திருக்கார். தரவும் தசையும் கைகோக்கற தருணம் இது." நெவெனா அதை லிண்ட்னருக்கு ஜெர்மனில் சொன்னாள். அவள் சொன்னது பாதி நீளம்தான் இருந்தது. லிண்ட்னர் உயரமான, மெல்லிய, மரியாதையான மனிதர். எல்லாவற்றுக்கும் தலையாட்டினார்.

மிலுதின் மகளின் கையைப் பிடித்தார். விரல்கள் குளிர்ந்திருந்தன.

"கண்ணு, ஒரு நிமிசம் தனியா வா. ஒண்ணு சொல்லணும்."

"சாயங்காலம் சொல்லுங்கப்பா. முதல்ல திறங்க. எனக்கு நெஞ்சு அடிச்சுக்குது."

"உள்ள ஒண்ணுமே இல்லேன்னா?"

"இல்லேன்னா நான் தப்பு. ஜனவரியிலேருந்து வேற வேலை தேடுவேன்." சிரிக்கப் பார்த்தாள். "ஆனா எட்டு மாசம் பார்த்திருக்கேன்பா. அது மூச்சு விடறதுகூட எனக்குத் தெரியும். கோடு பொய் சொல்லாது."

கோடு பொய் சொல்லவில்லைதான். பொய் சொன்னவர் எதிரில் நின்றுகொண்டிருந்தார்.

"நெவெனா..."

"அத்தான், டேப்லெட்" என்று நடுவில் வந்து நீட்டினார் போரா. "பணிச்சீட்டு திறக்காம யாரும் எதையும் தொடக் கூடாது. சார் பார்க்கறார்."

டேப்லெட் மிலுதினின் கட்டைவிரலை அடையாளம் காணவில்லை. துடைத்துவிட்டு வைத்தார். காணவில்லை. மறு கையை வைத்தார். அடையாளம் கண்டுகொண்டு, 'இந்தப் பணியாளர் விடுப்பில் உள்ளார். இவருக்குப் பணி ஒதுக்க இயலாது' என்றது.

"லீவை ரத்து பண்ணுங்க" என்றார் போரா.

"நான் எப்படிப் பண்றது? பணியாளர் பிரிவு பண்ணணும்."

பணியாளர் பிரிவுக்குப் போன் செய்தார்கள். மணி அடித்தது, அடித்தது, பிறகு அக்கார்டியன் சத்தத்துக்கு நடுவே ஒரு பெண் குரல், "நாங்களும் நிக்கோலாதான், மீன் ஆறிடும்" என்று சொல்லி வைத்துவிட்டது. லிண்ட்னர் தன் கடிகாரத்தைப் பார்த்தார். போரா அவரிடம் 'மாற்றத்தின் வலிகள்' என்பது பற்றி ஏதோ விளக்கினார். கடைசியில் சீட்டைக் கோச்சாவின் பெயரில் திறந்தார்கள். தலைக்கவசத்தோடு முகப்படம் கேட்டது. மீன் முள்ளைப் பல்லிலிருந்து எடுத்துக்கொண்டே கோச்சா முகத்தைக் காட்டினான். ஏற்றுக்கொண்டது.

இத்தனைக்கும் நடுவில் நெவெனாவிடம் சொல்லும் நிமிடம் எங்கேயோ விழுந்து தொலைந்தது.

மிலுதின் உருளைக்கு அடியில் படுத்தார். தூசும் பசையும் காய்ந்து அப்பிய மூடியைக் கழற்றும்போது, சென்சார் இருந்த இடத்தை எண்ணெய்த் துணியால் தேய்த்து மறைத்தார். அதற்குக்கூட வெட்கமாக இருந்தது. நல்ல பேரிங்கை இழுத்து வெளியே எடுத்து மகளின் முகத்துக்கு முன்னால் வைக்கப்போகிறோம் என்ற நினைப்பில், இழுப்பானின் திருகை வேண்டுமென்றே மெல்லத் திருப்பினார்.

பேரிங் அடம்பிடிக்கவில்லை. ஆடுகிற பல் போல வந்தது.

கையில் வாங்கியதும் எடை சொல்லிவிட்டது. உள் கூடு இரண்டாகப் பிளந்திருந்தது. குண்டுகள் உருளும் ஓடுதடம் முழுக்க அம்மைத் தழும்பு. ஒரு பக்கம் நெருப்பில் காட்டியது போல நீலம் பாய்ந்திருந்தது. இது நேற்று வந்த பழுது இல்லை, போன மாதம் வந்ததும் இல்லை. வசந்தத்திலேயே தொடங்கியிருக்கிறது. சென்சார் ஓயாமல் அலறிய அதே நாட்களில்.

இன்னும் ஓரிரு வாரம் ஓடியிருந்தால் உருளை இடம் பெயர்ந்திருக்கும். நீராவி நிரம்பிய உருளை. பக்கத்தில் எப்போதும் இருவர் நிற்பார்கள்.

அவர் ஸ்க்ரூ டிரைவரைக் காதில் வைத்துக் கேட்டது தூங்கும் பேரிங் இல்லை. தூங்கியது காது.

"என்னாச்சுப்பா?" என்று மேலிருந்து குரல்.

பேரிங்கைத் தூக்கி வெளியே நீட்டினார். எல்லோரும் குனிந்து பார்த்தார்கள். பிறகு லிண்ட்னர் கை தட்டினார், மெதுவாக, சர்ச்சில் தட்டுவது போல. போரா தட்டினார். கோச்சா, எதற்கென்று தெரியாமல் தட்டினான். நெவெனா மட்டும் தட்டவில்லை. இரண்டு கையாலும் வாயை மூடிக்கொண்டு நின்றாள். அழுகிறாளா சிரிக்கிறாளா என்று அடியில் கிடந்தவருக்குத் தெரியவில்லை.

போரா பேசத் தொடங்கினார். மனிதக் காது ஓய்வு பெறும் காலம் வந்துவிட்டது என்றார். மிலுதினுக்கு அது முழுதாகக் கேட்டது. இன்றைக்கென்று பார்த்து.

*

"சார் அந்த சென்சாரைக் கேக்கறாருப்பா" என்றாள் நெவெனா. "கிராஸ் ஆபீஸ் வரவேற்பறையில கண்ணாடிப் பெட்டிக்குள்ள வெக்கணுமாம். எங்க வெச்சீங்க?"

"எது?"

"சென்சார். மூடியில ஒட்டியிருந்தது."

"கழட்டும்போது... இங்கதான் எங்கயோ..."

அவள் குனிந்து தேடினாள். இயந்திரத்துக்கு அடியில் கைவிளக்கு அடித்துப் பார்த்தாள். மூடியைப் புரட்டினாள். புதிதாகத் துடைத்த இடத்தைப் பார்த்தாள். பிறகு கக்கத்தில் இருந்த டேப்லெட்டை எடுத்தாள். நாலாம் நம்பர் கால் நாளாக நிற்கிறது, பேரிங் தட்டில் கிடக்கிறது. கோடு மட்டும் அமைதியாக, இதமாக, பச்சையாக ஓடிக்கொண்டிருந்தது.

கோச்சா, அண்ணன் சொன்னபடி அண்டாவையெல்லாம் வெளியே எடுத்துவிட்டிருந்தான்.

நெவெனா அப்பாவைப் பார்த்தாள். அவர் கையைத் துடைத்துக்கொண்டே இருந்தார். துணிதான் கறுத்தது, கை வெளுக்கவில்லை.

அவள் டேப்லெட்டோடு நடந்தாள். காற்றழுத்த மோட்டார் பக்கம் போய் நின்று திரையைப் பார்த்தாள். குழாய்ப் பக்கம் நின்றாள். ஃபிட்டர் அறைக்குள் போனாள். மிலுதின் பின்னால் போனார், தண்டனைக்குப் போகிற பள்ளிக்கூடப் பிள்ளை மாதிரி. அங்கே கோச்சா பூனைக்குப் பயந்து அண்டாவை மறுபடி ஃப்ரிட்ஜுக்குள் திணித்துக்கொண்டிருந்தான். பாட்டில்கள் கடகடத்தன.

திரையில் கோடு எம்பிக் குதித்தது.

"கோச்சாண்ணே, கதவை மூடுங்க" என்றாள். கோடு தணிந்தது. "திறங்க." குதித்தது. "மூடுங்க. கொஞ்சம் வெளில இருங்க."

கோச்சா ஒரு மீன் துண்டோடு வெளியே போனான். நெவெனா ஃப்ரிட்ஜின் பின்னால் கையை விட்டாள். வெளியே எடுத்தபோது உள்ளங்கையில் தீப்பெட்டி அளவு டப்பா, ஒட்டடையோடு.

"எட்டு மாசம்" என்றாள். "எட்டு மாசமா நான் ஒரு ஃப்ரிட்ஜுக்கு நாடி பார்த்திருக்கேன்."

"சொல்லணும்னுதான் கண்ணு..."

"பத்து மணி, ரெண்டு மணி. அது பாலு." அவள் குரல் உயரவில்லை. உயர்ந்திருந்தால் அவருக்குத் தேவலாம் போல இருந்தது. "ராத்திரியெல்லாம் உக்காந்து காரணம் தேடினேனே. ஈரப்பதம்னு நினைச்சேன், மின்னழுத்தம்னு நினைச்சேன். நீங்க எனக்கு டீ போட்டுக் கொண்டாந்து வெச்சீங்க. டீ போடத் தெரிஞ்சுது. ஒரு வார்த்தை சொல்லத் தெரியல."

"சென்சார் சும்மா அலறுதுன்னு நினைச்சேன். காதை வெச்சுக் கேட்டேன். ஒண்ணும் கேக்கல."

"வாசல் மணி கேக்குதா உங்களுக்கு?"

மிலுதின் கையிலிருந்த துணியை மடித்து மேசை மீது வைத்தார்.

"அது சரியாத்தான் அலறியிருக்கு. உங்களுக்குத்தான் கேக்கல. அதைப் பிடுங்கி வெச்சீங்க. நான் அதை வெச்சுப் பேரு வாங்கப் போறேன். நாளைக்கு என் கணிப்பை நம்பி இன்னொரு ஊர்ல எவனோ நல்ல பேரிங்கைப் பிரிப்பான். இல்ல, செத்ததை ஓட்டிட்டு நிப்பான்."

"உண்மையைச் சொன்னா உன் வேலை போயிடும்."

"உங்க வேலையும் போகும். அதை ஏன் விட்டுட்டீங்க?"

அதை அவர் வேண்டுமென்றுதான் விட்டிருந்தார். மகளுக்காகப் பேசுவது போலப் பேசுவது சுலபமாக இருந்தது. பிறந்ததிலிருந்து இவளிடம் அவருடைய எந்தச் சமாளிப்பும் முழு நாள் தாங்கியதில்லை. அண்டா கனத்தில் ஃப்ரிட்ஜ் உறுமியது. நெவெனா உள்ளங்கையைப் பார்த்தாள். டப்பாவை இயந்திரத்துக்குக் கொண்டுபோய் ஒட்டிவிடலாம், யாருக்கும் தெரியாது. அந்த நினைப்பு அவள் முகத்தில் வந்ததையும், வந்தது போலவே போனதையும் மிலுதின் பார்த்தார். வெளியே காலடிச் சத்தம் நெருங்கியது. அவள் டப்பாவை மறுபடி ஃப்ரிட்ஜின் முதுகிலேயே ஒட்டினாள். டக்கென்று காந்தம் பிடித்துக்கொண்டது.

கதவைத் தள்ளிக்கொண்டு போரா வந்தார். பின்னால், பேரிங் கிடந்த தட்டை இரண்டு கையாலும் ஏந்திக்கொண்டு லிண்ட்னர்.

"இங்க இருக்கீங்களா? சென்சார் கிடைச்சுதா? போட்டோ எடுக்கணும். பேரிங், சென்சார், நெவெனா, நான்." மேசை மீது இருந்த ராக்கியாவைப் பார்த்தார். "ஒரு கோப்பையும் ஊத்துங்க அத்தான். விருந்து வீட்டுக்காரர் நீங்கதானே."

மிலுதின் பாட்டிலை எடுத்தார். ஊற்றும்போது கழுத்து கோப்பையில் மோதிக் கிணுகிணுத்தது.

அப்போது போராவின் கைபேசி மணி அடித்தது. எடுத்துப் பார்த்து, பழக்கதோஷத்தில் உரக்கப் படித்தார்.

"நாலாம் நம்பர், மேல் உருளை பேரிங். இயங்குகிறது. சுமை அதிகம்."

படித்த பிறகுதான் அவருக்குக் காதில் விழுந்தது. தட்டில் இரண்டாகக் கிடந்த பேரிங்கைப் பார்த்தார். கைபேசியைப் பார்த்தார். மறுபடி தட்டைப் பார்த்தார்.

"இது... இதுவந்து இயந்திரத்தோட ஞாபக சக்தி" என்றார்.

இந்த முறை நெவெனா மொழிபெயர்க்கவில்லை. தேவையும் இருக்கவில்லை. லிண்ட்னர் கைபேசித் திரையை எட்டிப் பார்த்தார். தட்டை மெதுவாக மேசை மீது, மீன் பக்கத்தில், வைத்தார். அறையைச் சுற்றி ஒரு பார்வை. உறுமிக்கொண்டிருந்த ஒரே பொருள்மீது அது வந்து நின்றது. பிறகு ஜெர்மனில் ஒரே ஒரு கேள்வி கேட்டார். குட்டிக் கேள்விதான்.

போரா நெவெனாவைப் பார்த்தார். "என்னம்மா கேக்கறார்?"

நெவெனா மாமனைப் பார்க்கவில்லை. பாட்டிலும் கையுமாக நின்றுகொண்டிருந்த அப்பாவின் பக்கம் திரும்பினாள். அவருக்குக் கேட்கும்படி, ஒவ்வொரு சொல்லையும் தெளிவாகச் சொன்னாள்.

"சென்சார் எங்கேன்னு கேக்கறார். பதிலை நீங்க சொல்லுங்கப்பா. நான் மொழிபெயர்க்கிறேன்."